நான்காம் பக்கம்

எங்கள் பேராசிரியருக்கு அடுத்தவர் மூளையைப் படம் பிடிக்கத் தெரியும். அந்த மூளைக்குச் சொந்தமாக ஒரு ஆள் இருக்கிறார், அவர் வாயைத் திறந்து பேசக்கூடியவர் என்பது மட்டும் தெரியாது. ஊழியர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மண்டையார். பதினெட்டு வருஷமாக அவரிடம் குப்பை கொட்டுகிறேன்.

நான் ஸ்கேன் டெக்னீஷியன். கட்டடத்தின் அடித்தளத்தில் இயந்திரம் இருக்கிறது. வருகிறவர்களைப் படுக்க வைப்பது, காதில் பஞ்சு அடைப்பது, தலைக்கு மேல் கூடு மாட்டுவது, குழலுக்குள் தள்ளுவது எல்லாம் என் வேலை. வெளியே வருகிற படத்தைப் பார்த்துப் பரவசப்படுவது அவர் வேலை. அவருக்கு ஓர் ஆராய்ச்சி மாணவன் உண்டு. மண்டையார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான் என்பதால் அவன் பெயர் தலையாட்டி. இருபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு எப்படி அத்தனை முதுகு வளையும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

இரண்டு வருஷமாக ஒரே ஆராய்ச்சி. மனச்சிதைவு வந்தவர்களுக்கும் மனச்சோர்வு வந்தவர்களுக்கும் கவனமும் நினைவும் ஏன் தடுமாறுகின்றன என்று மூளைக்குள் பார்க்க வேண்டுமாம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களும் வேண்டும். குழலுக்குள் படுத்திருப்பவர் கண்ணுக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. பின்னால் இருக்கிற திரை அதில் தெரியும். திரையில் ஒவ்வொரு எழுத்தாக வரும். இப்போது வந்த எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்த அதே எழுத்தாக இருந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்கச் சுலபம், செய்தால் வியர்க்கும்.

ஸ்கேனுக்கு முன்னால் வெளியே மடிக்கணினியில் ஒரு பயிற்சி. அங்கே நோயாளிகள் ஓரளவுக்கு நன்றாகவே செய்தார்கள். குழலுக்குள் போனதும் விழுந்தார்கள், அதுவும் மோசமாக. மண்டையாருக்கு வாய் காதுவரை போயிற்று. 'நெருக்கடியில் சரியும் மூளை' என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். பெரிய மாநாட்டில் வாசிக்க அழைப்பும் வந்தது. அதற்கு அவர் கோட்டு தைத்துக்கொண்ட கதை தனி.

இதில் என் தங்கை வந்தாள்.

என் தங்கை பாடப்புத்தக அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவள். நாற்பத்து மூன்று வயது. முப்பத்து மூன்றில் மனச்சிதைவு என்று சொன்னார்கள். அதோடுதான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். போன வருஷக் கடைசியில் மறுபடியும் சத்தங்கள் கேட்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, மாத்திரை மாற்றம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது தேறிவிட்டாள். ஆனால் அச்சக மேலாளர், வேலைக்குத் தகுதி என்று டாக்டர் கடிதம் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்து தலை வாரிக்கொள்வதே அந்த வேலைக்காகத்தான்.

மண்டையாரும் மனநல டாக்டர்தான். கடிதத்துக்கு அவரிடமே போய் நின்றேன்.

"ஆராய்ச்சியில சேரச் சொல்லுங்க மேடம். ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். படத்தோட சேர்த்து எழுதினா யாரும் கேள்வி கேட்க முடியாது" என்றார்.

ஆராய்ச்சிப் படத்தை வைத்து ஒருத்தருடைய வேலைக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவருக்கு எல்லாம் மறந்துபோகும். எனக்கும் கடிதம் வேண்டியிருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன்.

ஸ்கேன் அன்று தங்கை ஒப்புதல் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவள் பாதியில் நிறுத்தினாள்.

"மூணாம் பக்கத்துக்கு அப்புறம் அஞ்சு வருது. நாலு எங்கே?"

தலையாட்டி வாங்கிப் புரட்டினான். "அது ஒண்ணும் முக்கியமான பக்கம் இல்ல மேடம்."

"படிச்சிருக்கீங்களா?"

அவனுக்கு அந்த ஒரு முறைதான் தலை ஆடவில்லை.

கணினியில் தேடி எடுத்தேன். எப்போதோ நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கிறது. அந்த நகலிலிருந்தே நகல், அதிலிருந்து நகல் என்று தொண்ணூறு பேர் நாலாம் பக்கம் இல்லாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தது என்ன தெரியுமா? குறை ஏதும் இருந்தால் ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவைக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மண்டையார் லட்சணம் இதுதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. அச்சடித்துக் கொடுத்த பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டா எல்லாப் பக்கமும் என்கிட்ட இருக்கணும்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கவனம் இல்லை என்று கடிதம் வந்தது.

பத்து நாள் கழித்து உறையைக் கொடுத்தார் மண்டையார். படியில் நின்றே பிரித்தேன். 'கவனமும் செயல்நினைவும் கடுமையாகக் குறைந்துள்ளன. இது மூளைப் படத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது. கூர்ந்து வாசிக்க வேண்டிய பணிகள் பரிந்துரைக்கப்படவில்லை.' எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திரும்பி மேலே ஏறினேன்.

"என்ன சார் இது? பயிற்சியில நாற்பத்தஞ்சு சரியா பண்ணியிருக்கா. நாற்பத்தெட்டுக்கு!"

"உள்ளே போனதும் இருபத்து மூணு. அதான் மேடம் விஷயமே." மானிட்டரைத் திருப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நலமானவங்களுக்கு இங்கே எப்படிப் பத்திக்குது பாருங்க. உங்க தங்கச்சிக்கு இருட்டு. அதை விடுங்க, பின்மண்டையைப் பாருங்க. பார்வைப் பகுதிகூட மந்தமா கிடக்கு! மனச்சோர்வு ஆளுங்களுக்கும் இதே கதை. இதுவரைக்கும் இவ்வளவு தெளிவா யாரும் காட்டினதில்ல."

"அவளுக்கு வேலை போயிடும் சார்."

"படம் பொய் சொல்லாது மேடம்" என்றார் மண்டையார். இந்த வாக்கியத்தை அவர் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. படித்த முட்டாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். உறைக்குள் திருப்பி வைத்தாள்.

"சரியாத்தானே எழுதியிருக்காரு. படத்துல தெரிஞ்சிருக்குல்ல."

"என்னடி சரி? அந்த ஆளுக்குப் பைத்தியம்."

"இல்லக்கா. எனக்கே தெரிஞ்சுது. பயிற்சியில நல்லாத்தான் இருந்தேன். உள்ளே போனதும் எல்லாம் கலங்கிப்போச்சு. வெள்ளையா ஒரு திட்டு வரும், போகும். எந்த எழுத்துன்னே புரியல. குத்துமதிப்பா அமுக்கினேன்." பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினாள், மடித்த துண்டின் ஓரத்தால் துடைத்தாள். "நோய் கண்ணுக்கும் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்."

கண்ணாடி இல்லாத அவள் முகத்தையே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்ததே நான்தான். ஆறு பவர். கண்ணாடி இல்லாமல் என் முகமே அவளுக்குத் திட்டாகத்தான் தெரியும்.

"கண்ணாடி" என்றேன். "உள்ளே போகும்போது கண்ணாடி போட்டிருந்தியா?"

"நீதானேக்கா கழட்டித் தட்டுல வெச்சே."

ஆமாம், நான்தான். உலோகம் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது. கடிகாரம், கொண்டை ஊசி, கண்ணாடி எல்லாம் தட்டில். தினமும் செய்கிற வேலை, கை தானாகச் செய்யும்.

"அப்பவே ஏண்டி சொல்லல? கையில ரப்பர் பந்து குடுத்தேனே, ஏதாவதுன்னா அமுக்குன்னு!"

"என்னன்னு அமுக்குறது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. "பத்து வருஷமா நீங்க எல்லாரும் என்ன சொல்லிக் குடுத்தீங்க? நீ கேக்குற சத்தம் இல்லாத சத்தம், உனக்குத் தோணுறதை நம்பாதேன்னுதானே? நானும் ஒத்துக்கிட்டேன். மாத்திரை சாப்பிடுறேன். அப்புறம் எழுத்து கலங்கலா வந்தா திரை மேலயா பழி போடுவேன்? என் மேலதான் போடுவேன்."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் அலமாரியைத் திறந்தேன். கண்ணாடி போடுகிறவர்களுக்கென்றே எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் சட்டம், அதில் செருகுவதற்கு எல்லா பவரிலும் பிளாஸ்டிக் லென்ஸ். பவர் கேட்டு, தேடி, செருகி, கூட்டுக்குள் இடிக்காமல் மாட்ட ஒரு கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு படிவம். அதில் கடைசி வரி: 'பார்வை சரிசெய்யப்பட்டது.' பக்கத்தில் கட்டம். அன்றைக்கு வரப்போகிறவர்களின் படிவங்களை எல்லாம் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே எடுத்து, அந்த வரிக்கு நான் மொத்தமாக டிக் போட்டுவிடுவேன். ஆள் வருவதற்கு முன்பே. எத்தனை வருஷமாக என்று கேட்காதீர்கள்.

வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு லென்ஸ் போட்டேன். அதைச் சொல்ல வேண்டும். போட்டால் பவரைப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதுவேன். நலமானவர்கள் முப்பது பேர் படிவத்தையும் தரையில் பரப்பினேன். பதினான்கு பேருக்கு ஓரத்தில் பவர் எழுதியிருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே தள்ளி ஒரு நிமிஷம் ஆகாது, பந்தை அமுக்குவார்கள். ஒண்ணுமே தெரியலையே மேடம், எப்படிப் பண்றது என்று சத்தம் போடுவார்கள். ஒருத்தன் மூக்கு அரிக்கிறதென்றுகூட அமுக்கினான்.

பிறகு நோயாளிகள் படிவங்களைப் பரப்பினேன், அறுபத்தொன்று. ஒரு ஓரத்திலும் எழுத்து இல்லை. அறுபத்தொரு பேரில் ஒருத்தருக்குமா கண்ணாடி கிடையாது? தட்டில் நான் எடுத்து வைத்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. கறுப்புச் சட்டம், காது பக்கம் நூல் சுற்றியது, ஒரு பக்கம் விரிசல் விட்டது. யாரும் பந்தை அமுக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு அடக்கமான நோயாளிகள் என்று நான் தலையாட்டியிடம் பாராட்டியிருக்கிறேன். பின்மண்டை ஏன் மந்தமாகக் கிடந்தது என்று இப்போது புரிந்தது. பார்க்க எதுவும் இல்லாவிட்டால் அது எதைப் பார்க்கும்?

இத்தனை நாள் மண்டையார் மேல் காறித் துப்பினேன். தலையாட்டியைப் புழு என்றேன். டிக் எல்லாம் என் கையெழுத்து. எனக்கு என்ன பெயர் வைப்பது?

மண்டையார் வந்ததும் படிவங்களை மேசையில் போட்டுச் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை, அதைத் திருத்திக்கொள்கிறேன். பாதிப் பேச்சிலேயே புரிந்துகொண்டார். முகம் வெளுத்தது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"இந்த டிக்கெல்லாம் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"அப்போ தப்பு யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா படத்தை ரெண்டு வருஷமா உத்து உத்துப் பார்த்தீங்களே, பார்வைப் பகுதி மந்தமா இருந்தா கண்ணைக் கேட்கணும்னு ஒரு நாளாவது தோணிச்சா?"

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு குரலைத் தேனாக்கிக்கொண்டார். "வெளியே போனா முதல்ல உங்க வேலைதான் போகும் மேடம். ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம்தானே? ஒண்ணு செய்வோம். உங்க தங்கச்சிக்கு லென்ஸ் போட்டு மறுபடி ஒரு ஸ்கேன். நல்லா வந்தா நல்ல கடிதம். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

தலையை ஆட்டினேன். தலையாட்டி அப்போது அறையில் இல்லை, அந்த வேலையை நானே செய்தேன்.

புதன்கிழமை தங்கையை மறுபடி படுக்க வைத்தேன். லென்ஸைச் செருகி, சட்டத்தை மாட்டி, உள்ளே தள்ளினேன். முதல் எழுத்து வந்ததும் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தும் பேசினாள்.

"அக்கா! எழுத்துக்கா இது! எவ்வளவு பெருசா இருக்கு!"

நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தாறு. மண்டையாரே அதற்கு மேல் எடுத்திருக்க மாட்டார். தலையாட்டியைக் கூப்பிட்டு, இவருடைய விவரத்தை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடு, நோய் நிர்ணயத்தில் சந்தேகம் என்று போடு என்றார். நன்றாகச் செய்தால் நோயாளியே இல்லையாம். புதுக் கடிதத்தை அச்சடித்தார். என் கண் முன்னால் படித்துக் காட்டினார். பிறகு மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கு மாநாடு. வெள்ளிக்கிழமை காலையில கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

வெளியே நடைக்கூடத்தில் தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்துடும். நீ அச்சகத்துக்குப் போகலாம்."

"மத்தவங்களுக்கு?"

"எந்த மத்தவங்க?"

"அக்கா, என்கிட்ட நடிக்காதே. எனக்கு முன்னாடி அறுபது பேர். அவங்களுக்கும் இப்படிக் கடிதம் போச்சா?"

"எல்லாருக்கும் இல்ல. கேட்டவங்க சிலருக்கு." கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? உன் வேலையைப் பாரு."

"என் வேலை அதுதான். பிழையைப் பார்த்துட்டு, பார்க்காத மாதிரி அடுத்த பக்கம் திருப்பினா எங்க அச்சகத்துல சீட்டைக் கிழிச்சிடுவாங்க." என் கையைப் பிடித்தாள். "ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேளு. நான் இங்கேயே இருக்கேன்."

காதில் நூல் சுற்றிய கண்ணாடிக்காரர் நினைவுக்கு வந்தார். மனச்சோர்வு. ஒரு கிடங்கில் சரக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவருக்கும் கடிதம் போயிருக்கிறது. படிவத்திலிருந்த எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது.

"சார், ஸ்கேன் அன்னைக்கு உள்ளே எழுத்து உங்க கண்ணுக்குத் தெளிவா இருந்துச்சா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். "எதுவுமே சரியா தெரியல. சொல்லியிருக்கணும். என் மூளைதானே சரியில்ல, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். அதனால உங்க ஆராய்ச்சி ஏதும் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். இப்போ எங்கே வேலை பார்க்குறீங்க?"

"கிடங்கு வாசல்லதான். கணக்கு வழக்கு வேண்டாம்னு காவலுக்குப் போட்டுட்டாங்க. கதவு திறக்குறது, மூடுறது. பரவாயில்ல மேடம். உங்க டாக்டர் படம் எடுத்துச் சொன்ன பிறகு நாம என்ன சொல்ல முடியும்?"

போனை வைத்தேன். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், என்னிடம்! அவருடைய கண்ணாடியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, பார்வை சரி என்று டிக் போட்ட மகராசி நான். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தங்கை தடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து, என் மடிமேல் விரித்து வைத்தாள். நாலாம் பக்கம்.

"கூப்பிடு."

"கூப்பிட்டா வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் வராதுடி. அந்த ஆள் கிழிச்சுப் போட்டுடுவான். உன் வேலை..."

"கடிதம் இல்லாமலே போறேன். ஒரு பதினாறு பக்கம் குடுங்க, உங்க முன்னாடியே உட்கார்ந்து பார்க்குறேன், பிழை விட்டா அனுப்பிடுங்கன்னு மேலாளர்கிட்ட சொல்றேன்."

"அவர் மாட்டேன்னுட்டா?"

அவள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பயம் இல்லாதவள் இல்லை. அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"மாட்டேன்னா மாட்டேன்தான்" என்றாள். "நீ கூப்பிடுக்கா."

கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்த பெண்ணுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

"நெறிமுறைக் குழுவா? ஆமா, இங்கேதான். இந்த நம்பருக்கு யாருமே கூப்பிட்டதில்லைங்க, அதான். இருங்க, பேனா எடுத்துக்கறேன்." மேசையைத் திறந்து மூடும் சத்தம். "சொல்லுங்க மேடம், யார் மேல புகார்?"

தங்கை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல என் மேல" என்றேன். "எழுதிக்குங்க."